பரசுராமன் உட்காரும் இடம்

கண்ணாடிக் கூண்டின் உட்புறத்தில் ஆவி படிந்திருந்தது.

ஜெபரத்தினம் முதலில் லென்ஸைத்தான் சந்தேகப்பட்டார். கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து, லென்ஸைத் துடைத்துவிட்டு, மறுபடி துணிக்குள் நுழைந்தார். மங்கல் போகவில்லை. மேசையருகே போய்க் குனிந்தார். முழ நீளமுள்ள மர விமானம். அதன் முதுகில் உள்ளங்கையளவு ஒரு கூண்டு, கூண்டுக்குள் இரண்டு இருக்கைகள். முன்னது ஓட்டுகிறவனுக்கு, பின்னது துப்பாக்கிக்காரனுக்கு. பின்னிருக்கைக்கு நேரே, செல்லுலாய்டின் உட்பக்கம், மிளகளவு ஒரு வெண்புள்ளி. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கியது. பிறகு விரிந்தது. மறுபடி சுருங்கியது.

"ஆடி மாசப் புழுக்கம். மரம் வேர்க்குது," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்.

திருத்தணி மலைப்படியிலிருந்து தெலுங்குக் குரலிலும் தமிழ்க் குரலிலும் அரோகரா கேட்டது. ஸ்டூடியோவின் கூரைக்கண்ணாடி வழியே பதினொரு மணி வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பயப்படுகிற நேரமே இல்லை.

விமானத்தைச் செய்தவன் பரசுராமன். அம்மையார்குப்பத்து நெசவுக்காரி மணியம்மையின் ஒரே மகன். பத்தாவது முடித்து விமானப்படையில் சேர்ந்து, துப்பாக்கிக்காரன் ஆனவன். போன வருஷம் லீவில் வந்தபோது பழைய தறிக்கட்டையைச் செதுக்கி இதைச் செய்தான். குண்டூசியில் விசைகள், கெட்டுப்போன கைக்கடிகாரத்தின் முகத்தில் ஒரு மானி, பாவு நூலைத் திரித்து இருக்கைக்கு வார். கூண்டுக்காகப் பழைய ஃபிலிமைக் கழுவிக் கொடுத்தவர் ஜெபரத்தினம்தான்.

"யம்மா, நான் உக்கார்ற எடம் இதான். பயமா இருந்தா இத்தப் பாத்துக்கோ," என்று அவள் மடியில் வைத்துவிட்டுப் போனான்.

பங்குனியில் தந்தி வந்தது. இங்கிலீஷ் காகிதம் எது வந்தாலும் மணியம்மை அதைத் திருத்தணிக்கு எடுத்துவந்து அவரிடம்தான் நீட்டுவாள். ஜெபரத்தினம் படித்தார். பர்மா எல்லையில் விமானம் தீப்பிடித்து விழுந்துவிட்டது, உடல்கள் கிடைக்கவில்லை. நிமிர்ந்தார். அவள் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல சேதிதானுங்களே? நல்ல சேதின்னா முடி தர்றேன்னு முருகங்கிட்ட வேண்டிகினுக்கிறேன்."

"ஆங்," என்றார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். "நல்லா இருக்கானாம்மா. போட்டோ அனுப்பறானாம்."

அன்றைக்கே அவள் மலையேறி மொட்டையடித்துக்கொண்டாள். சந்தனம் பூசிய தலையோடு இறங்கிவந்து, ஸ்டூடியோ வாசலில் நின்று அவரைக் கும்பிட்டாள். கும்பிடுகிறவளிடம் எப்படிச் சொல்வது?

ஆகவே போட்டோவைச் செய்தார். விட்டுப்போன விசையை ஒட்டித் தருகிறேன் என்று விமானத்தை வாங்கிவைத்தார். கேமராவின் துருத்தியை முழுக்க இழுத்து, லென்ஸின் வாயை ஊசித்துளையாகக் குறுக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைக் கூண்டுக்குள் திருப்பி, இரண்டு நிமிஷம் திறந்துவைத்து எடுத்தார். படத்தில் அது பொம்மையாகத் தெரியவில்லை, ஆள் உட்காரும் இடமாகவே தெரிந்தது. லீவில் எடுத்த படத்திலிருந்து பரசுராமனின் முகத்தை வெட்டி, வெறும் இருக்கையில் பொருத்தினார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மகனுக்குக் காரியம் நடக்கவில்லை, எள்ளும் தண்ணீரும் இறைக்கவில்லை. உயிரோடு இருப்பவனுக்கு யார் இறைப்பார்கள்?

இப்போது அவள், இன்னொரு படம் அனுப்பச் சொல்லி மகனுக்கு எழுதச் சொல்லியிருக்கிறாள். போன படத்தில் பிள்ளை சிரிக்கவில்லையாம். விமானத்தைத் துடைத்துத் தருவதாகச் சொல்லி மறுபடி வாங்கிவைத்திருந்தார்.

மனைவி தேவசுந்தரி உள்கதவில் வந்து நின்றாள்.

"என்னமோ கருகுற வாசனை வருதே."

"அடுப்பப் பாரு."

"அடுப்பே இன்னும் பத்தவெக்கல. இங்கேர்ந்துதான் வருது." மேசைமேல் இருந்ததைப் பார்த்துவிட்டாள். "இன்னுமா இது? ஞாயித்துக்கெழம கோயில்ல வேதம் வாசிக்கிற வாயிங்க உங்களுது. அந்தப் பையன் சாவு அவங்கம்மாவோடது. நீங்க எடுத்து வெச்சிகினா எப்படி?"

"இந்த ஒரு படம். அப்புறம் சொல்லிடறேன்."

"போன தபாவும் இதத்தான் சொன்னீங்க."

அவள் போய்விட்டாள். வாசனை போகவில்லை.

யுத்தத்தில் படமெடுக்கும் கண்ணாடி பிளேட் கிடைப்பது அரிது. கையில் மூன்றுதான் இருந்தன. முதல் பிளேட்டில் படம் எடுத்து, இருட்டறைக்குள் போய், சிவப்பு விளக்கில் கழுவினார். இருக்கை வார் தொங்கிக்கொண்டுதான் இருந்தது, அவர் கண்ணால் பார்த்திருந்தார். பிளேட்டில் அது பூட்டியிருந்தது. யாருமில்லாத இருக்கையில், எதையோ சுற்றி இறுகியிருந்தது.

இரண்டாவது பிளேட். கூண்டின் உட்பக்கமெல்லாம் கீறல்கள். மேலிருந்து கீழாக, ஐந்தைந்தாக. ஓடிப்போய் விமானத்தை வெயிலில் தூக்கிப் பார்த்தார். செல்லுலாய்டில் ஒரு கீறலும் இல்லை. ஆவி மட்டும் முன்பைவிட வேகமாக, சுருங்கி, விரிந்து, சுருங்கி.

ஆனாலும் மூன்றாவது பிளேட்டைப் பொருத்தினார். லென்ஸ் மூடியை எடுத்துவிட்டுக் கேமராவின் பக்கத்தில் நின்று எண்ண ஆரம்பித்தார். இருபது எண்ணியிருப்பார். வாசல் திரைக்கு வெளியே செருமல் கேட்டது.

"ஐயா."

"உள்ள வராதம்மா. படம் எடுத்துகினுக்கிறேன்."

"வரலீங்க. இங்கியே நிக்கறேன்." திரையின் இடுக்கில் விமானத்தின் வால் தெரிந்ததோ என்னவோ, மணியம்மையின் குரல் தணிந்தது. "ஐயா, ஒண்ணு கேக்கணும். புள்ள தெனம் கனாவுல வர்றான். தண்ணி குடும்மா, தண்ணி குடும்மான்னு கேட்டுகினே இருக்கான். சொம்ப எடுத்துகினு போறேன், கை எட்டமாட்டேங்குது. உசுரோட இருக்கிற புள்ள எதுக்குங்க எங்கிட்ட தண்ணி கேக்கறான்?"

ஜெபரத்தினத்தின் வாய் திறந்தது. சொல் நாக்கு வரைக்கும் வந்தது.

கூண்டில் ஆவி நின்றது. சுருங்கவில்லை. விரியவில்லை. உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பதுபோல.

"அந்தப் பக்கம் வெயில் ஜாஸ்திம்மா," என்றார். "வேற ஒண்ணுமில்ல."

லென்ஸை மூடினார்.

அவள் பார்த்துவிடக் கூடாது என்று விமானத்தையும் பிளேட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார். தாழ் போட்டார். விமானத்தை அலமாரியில் வைத்தார். சிவப்பு விளக்கு. மருந்துத் தட்டு. கதவுக்கு வெளியே அவள் காலடி வந்து நின்றது.

பிளேட்டில் முதலில் கோடுகள் வந்தன. கூண்டின் சட்டங்கள். ஆனால் பெரிதாக. மிக அருகில். சட்டங்களுக்கு அந்தப் பக்கம் இருந்து எடுத்ததுபோல.

இருக்கை இல்லை. மானி இல்லை.

சட்டங்களுக்கு அப்பால் ஒரு துருத்தி. வீட்டளவு. ஒரு லென்ஸ். கிணற்றளவு. அதன் பக்கத்தில், மலையளவு, ஒரு முகம். வாய் திறந்திருந்தது.

அவர் முகம்.

வெயில் ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டிருந்த முகம்.

கதவு தட்டப்பட்டது. "ஐயா, எம்புள்ள தெரியறானா?"

பிளேட்டின் அடிப்பகுதி இப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு கைகள். கூண்டை உள்ளேயிருந்து அழுத்தியபடி. தோல் உரிந்த பத்து விரல்கள்.

"ஐயா?"

கதவைத் தட்டுவதை அவள் நிறுத்தினாள்.

தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. கதவில் இல்லை. அவர் தலைக்குப் பின்னால், அலமாரியில். நகத்தால் செல்லுலாய்டைத் தட்டுகிற மெல்லிய சத்தம்.

அவர் திரும்பவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்துக்கு அடியில் பத்து விரல்களும் மடங்கின. மறுபடி விரிந்தன.