ஓர் எழுத்துக் கூடுதல்

1998 ஜூலை, செவ்வாய்க்கிழமை, பகல் 12.10. றக்வானைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக் கட்டிலில் இருளப்பன் செத்துக் கிடந்தான். நான்கு நாள் காய்ச்சல். ஒரு மணிக்குள் லயத்து வீடுகளின் சனமெல்லாம் வாசலில் கூடி, மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் அப்துல் ரஸாக்கை வெளியே இழுக்கப் பார்த்தது.

2.30க்குப் பொலிஸ் சார்ஜன்ட் நுஹ்மான் வந்தார். தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் யோகராஜ் ஒரு துண்டுக் கடிதத்தை நீட்டினார். காலை ஆறரைக்கு டிஸ்பென்சர் ஆபீசுக்கு எழுதியது. ஆங்கிலத்தில் ஒரே வரி: "இருளப்பன் இஸ் எ லிட்டில் பெட்டர்."

"காலையில தேவலையாகலேன்னா இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு லொறி அனுப்புறதா பேச்சு. கொஞ்சம் தேவலைன்னு இவரே எழுதிட்டாரு. நான் என்ன செய்ய?"

"நான் 'லிட்டில் பெட்டர்'னுதான் எழுதினேன், சேர்," என்றார் ரஸாக். "'எ' போடல்ல. தேவலையே இல்லேன்னுதானே அதுக்கு அர்த்தம்?"

"இங்கிலீஷ் படிச்ச லட்சணத்தப் பாருங்க!" என்று சிரித்தார் யோகராஜ்.

நுஹ்மான் துண்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு லொறி டிரைவர் கன்னையாவைக் கூப்பிட்டார்.

"துண்டை ஆபீசுக்குக் கொண்டு வந்தது யாரு?"

"நான்தாங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. கிளாக்கர் ஐயா படிச்சாரு, அவரு மகளுக்கு அலுமாரி ஏத்துன்னாரு. எம்பிலிப்பிட்டியவுக்குப் போயிட்டேன்."

தோட்டத்தை நடத்தும் தொரை கொழும்பில். ஆபீசில் அன்று யோகராஜ் மட்டும்தான்.

மணி 4.00. நுஹ்மான் யோகராஜின் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுதி நீட்டினார். 'லிட்டில் பெட்டர்' என்றிருந்த இடத்தில் யோகராஜ் கண் நின்றது. உதட்டைச் சுழித்துக்கொண்டு பேனாவைப் பிடுங்கினார்.

"'எ' எங்க, சார்ஜன்ட்? அது இல்லாட்டி அர்த்தமே தலைகீழ்! உங்களுக்கும் நான்தான் பாடம் எடுக்கணுமா?" இடைவெளியில் ஓர் எழுத்தைச் செருகினார்.

அடுத்தவன் பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காத இந்த ஜாதியை நுஹ்மான் நிறையப் பார்த்திருந்தார். மதிக்கத்தான் முடிந்ததில்லை. துண்டை அந்தத் தாளின் பக்கத்தில் வைத்தார்.

"துண்டுல ரஸாக் இங்கிலீஷ்ல எழுதின இருளப்பன் பேர்ல ரெண்டு 'எ' இருக்கு. ரெண்டுக்கும் வால் இல்ல. தனியா நிக்கிற 'எ'வுக்கு மட்டும் மேல வளைஞ்ச வால். இப்ப நீங்க போட்டதுக்கும் அதே வால்."

யோகராஜ் துண்டை எடுக்கக் கை நீட்ட, நுஹ்மான் அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

"அந்த எழுத்தோட வித்தியாசம் இங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ரஸாக் சேர்த்தா அவர் தலைக்குத்தான் கத்தி. நீங்க சேர்த்தா அலுமாரி போன கதை மறையும். இங்கிலீஷ் தெரியாதவரா இருந்திருந்தா தப்பிச்சிருப்பீங்க, கிளாக்கர். சும்மா 'கொஞ்சம் தேவலை'ன்னு நினைச்சேன்னு சொல்லியிருக்கலாம்."

யோகராஜை ஏற்றிக்கொண்டு ஜீப் புறப்படும் நேரம் இருளப்பனின் மனைவி புஷ்பம் வழிமறித்தாள்.

"ஐயா, அவருக்குக் காலையில கொஞ்சமாச்சும் தேவலையா இருந்துச்சுங்களா?"

"இல்லம்மா. டிஸ்பென்சர் அதைத்தான் எழுதினாரு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து, டிஸ்பென்சரிக் கதவை மறித்து நின்றாள்.

"அந்த மனுசன் மேல யாரும் கை வைக்கக் கூடாது," என்றாள்.