பிரகதா வாசிக்காத பக்கம்

செல்வராணி டீச்சர் தன்னுடைய டிபன் டப்பாவைத் துடைத்து, அதற்குள் ஆறு சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்த ஆறு பேரும் ஆளுக்கொரு சீட்டு எடுத்தார்கள்.

பிரகதாம்பாள் தன் சீட்டைப் பிரித்தாள். அதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. 'தோண்டலாம்.'

பக்கத்தில் நின்ற அடைக்கலமேரியின் சீட்டை எட்டிப் பார்த்தாள். 'சேமிக்கலாம்.'

"டீச்சர், மாறி வந்திருச்சு!" என்றாள் பிரகதா.

"சீட்டு எப்படிம்மா மாறி வரும்?"

"எங்க அப்பா தோண்டக் கூடாதுன்னு சொல்றவரு டீச்சர்."

"பேசப் போறது நீயா, உங்க அப்பாவா?"

ஆறாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது. பிரகதாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

போட்டியின் தலைப்பு இதுதான்: 'புதிய எண்ணெய்க் கிணறு தோண்டலாமா? எரிபொருளைச் சேமித்தாலே போதுமா?' பக்கத்துக்கு மூன்று பேராக இரண்டு அணி. அந்த மாதம் அவர்கள் ஊரான ஆவாரவிடுதியில் இதைத் தவிர வேறு பேச்சே இல்லை. நிலத்துக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பெனி வரப்போகிறதாம். வரட்டும் என்றது ஒரு கட்சி. வரவே கூடாது என்றது இன்னொரு கட்சி. டிவியில் சண்டை போட்டார்கள். டீக்கடையிலும் சண்டை போட்டார்கள்.

அப்படிச் சண்டை போட்டவர்களில் இரண்டு பேர் பிரகதாவின் அப்பா ஐயனாரும், மேரியின் அப்பா செபமாலையும்.

அதற்கு முன்னால் அவர்கள் அவ்வளவு நெருக்கம். ஐயனாருக்கு ஒரு ஏக்கரில் முல்லைத் தோட்டம். செபமாலைக்குச் சொந்தமாக ஒரு குட்டியானை. குட்டியானை என்றால் தும்பிக்கை உள்ளது இல்லை, சரக்கு ஏற்றும் சின்ன வேன். தினமும் காலையில் ஐயனாரின் பூ மூட்டைகள் அந்த வேனின் பின்னால் ஏறும். பிரகதாவும் மேரியும் முன்னால் ஏறுவார்கள். கீரமங்கலம் பூச்சந்தையில் மூட்டைகள் இறங்கும், இரண்டு தெரு தள்ளிப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் இறங்குவார்கள்.

டீக்கடைச் சண்டைக்குப் பிறகு எல்லாம் நின்று போயிற்று.

"அந்த ஆளு வண்டியில இனிமே என் பூ ஏறாது," என்று சொல்லிவிட்டார் ஐயனார். மூன்று வாரமாக அவரே பைக்கில் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு போகிறார். மூட்டை வைத்த பிறகு பைக்கில் பிரகதாவுக்கு இடம் இருக்காது. அதனால் சந்தைக்கு ஒரு தடவை, திரும்பி வந்து மகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவை. வழியில் சில நாள் செபமாலையின் வேன் எதிரே வரும். அப்பா வயலைப் பார்ப்பார். செபமாலை மாமா ரோட்டைப் பார்ப்பார்.

பள்ளியில் பிரகதாவும் மேரியும் பேசிக்கொள்ளத்தான் செய்தார்கள். ஆனால் முன்னைப் போல இல்லை. வீட்டைப் பற்றி வாய் திறந்தாலே இரண்டு பேரும் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் குழாயடியில் மேரி மெதுவாகக் கேட்டாள். "சீட்டை மாத்திக்குவமா?"

"டீச்சர் விட மாட்டாங்க. தெரிஞ்சதையே பேசுறதுக்கு எதுக்குப் போட்டின்னு கேப்பாங்க."

"அப்ப எனக்கு ஒங்க அப்பா சொல்றதெல்லாம் வேணுமே. நான் எப்படி வந்து கேக்குறது? எனக்குப் பயமா இருக்கு."

"நீ எழுதிக் குடு. நான் கேட்டுட்டு வாரேன்."

மேரி நோட்டுத் தாளில் நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் பூச்செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அப்பாவிடம் பிரகதா அவற்றை வரிசையாகக் கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டிப்பா. சேமிக்கலாம், தோண்ட வேணாம்னு பேசுறதுக்கு என்னென்ன சொல்லலாம்?"

ஐயனாரின் முகம் மலர்ந்துவிட்டது. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். கேட்டது நாலு, சொன்னது நாற்பது. தோட்டத்தில் போர்க் கிணறு போட்டபோது தண்ணீர் எத்தனை அடியில் இருந்தது, இப்போது எத்தனை அடியில் இருக்கிறது, ஆளுக்கொரு வண்டி எடுக்காமல் சேர்ந்து போனால் எவ்வளவு எண்ணெய் மிச்சமாகும் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

"நீ மேடையில ஏறி இதைச் சொல்லு ஆத்தா. கேக்குறதுக்கு நான் மொத ஆளா வந்து உக்காந்துருக்கேன்."

"அப்பா, அது வந்து..."

"என்னாத்தா?"

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் பிரகதா, "ஒண்ணுமில்லப்பா," என்று சொல்லிவிட்டாள். மறுநாள் டீக்கடையில் இருந்த எல்லாரிடமும் அப்பா சொல்லிவிட்டார். "என் மக நம்ம பக்கம் பேசப் போறா!"

இப்போது அவளுக்கு இரண்டு கவலை. அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். தன் பக்கத்துக்குப் பேச விஷயமும் வேண்டும். எண்ணெய்க் கிணறு வந்தால் நல்லது என்று யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டுமே!

சனிக்கிழமை அவள் மேரியின் வீட்டுக்கு நடந்தாள். செபமாலை வேனுக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"மாமா," என்று அந்தக் கால்களைக் கூப்பிட்டாள்.

கால்கள் அசையாமல் நின்றன. பிறகு தலை வெளியே வந்தது. மூக்கில் கிரீஸ்.

"பிரகதாவா? நீ இங்கிட்டு வந்தது ஒங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க மாமா. நான் தோண்டலாம்னு பேசணும். எனக்கு ஒண்ணுமே தெரியல. நீங்க ஏன் அப்படிச் சொல்றீங்கன்னு கேக்க வந்தேன்."

செபமாலை எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்தார். "இந்த ஊர்ல இத்தனை பேரு எங்கூடச் சண்டை போட்டாங்க. ஏன்னு ஒருத்தரும் கேக்கல," என்றார்.

பிறகு சொன்னார். நாம் எரிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. எங்கேயோ சண்டை வந்தால் இங்கே டீசல் விலை ஏறுகிறது. அதெல்லாம் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"நம்ம மேரியோட அண்ணன் விக்ரம் சிங்கப்பூருக்குப் போயி நாலு வருஷம் ஆச்சு. இந்த நாலு வருஷத்துல அவன் நம்ம வீட்டுல இருந்தது ஒம்போது நாளு. வெல்டிங் வேலை. இங்க ஒரு கெணறு வந்தா பைப்பு பத்த வைக்க ஆளு வேணும்ல? காலையில சைக்கிள்ல போயிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவான்ல? எனக்கு அம்புட்டுத்தான்."

பிரகதா அதை நோட்டில் எழுதவில்லை. எழுதாமலே மனதில் நின்றது.

வீட்டுக்குத் திரும்பி, பேச்சை எழுதினாள். எழுதி முடித்த பிறகு கடைசிப் பக்கத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. கிண்டலான யோசனை. அதையும் எழுதினாள். தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். நிச்சயம் ஜெயித்துவிடலாம்.

போட்டி நாள் வந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஐயனார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், செபமாலை.

இன்னும் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. பிரகதா மேடைக்குப் போகாமல் நேராக அப்பாவிடம் போனாள்.

"அப்பா, நான் தோண்டலாம்னு பேசுறேன். சீட்டுல அப்படித்தான் வந்துச்சு. அன்னைக்கு ஒங்ககிட்ட கேட்டது மேரிக்காக. நீங்க சந்தோஷமா இருந்தீங்க, அதான் சொல்ல முடியல."

ஐயனார் வாயைத் திறந்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவர் என்ன சொல்ல வந்தார் என்று தெரியாமலே அவள் மேடை ஏறினாள்.

முதலில் மேரி பேசினாள். குரல் நடுங்கியது. ஆனால் நிறுத்தவில்லை. "எண்ணெயைக் கப்பல்ல கொண்டு வரலாம். எங்க ஊரு போர்த் தண்ணி வத்திப் போனா எந்தக் கப்பல்ல கொண்டு வருவீங்க?" என்று கேட்டாள். ஐயனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வரப்பில் உட்கார்ந்து சொன்னது, செபமாலையின் மகள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. தூணுக்குப் பக்கத்தில் செபமாலை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாகப் பிரகதா. கப்பலைப் பற்றிச் சொன்னாள், டீசல் விலையைப் பற்றிச் சொன்னாள். பிறகு தாளைப் பார்க்காமல் சொன்னாள். "எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் வேலைக்காக வெளிநாட்டுல இருக்காங்க. நாலு வருஷத்துல ஒம்போது நாள்தான் வீட்டுக்கு வந்தாங்க. உள்ளூர்ல வேலை இருந்தா அவங்க தினமும் வீட்டுல சாப்பிடுவாங்க. கெணறு வேணும்னு கேக்குறவங்க எல்லாரும் பேராசை பிடிச்சவங்க இல்ல. பிள்ளை வீட்டுக்கு வரணும்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க."



இனி கடைசிப் பக்கம். பிரகதா விரலை அதன் ஓரத்தில் வைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முதல் வரிசையில் அப்பா. வெள்ளைச் சட்டையில், இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, கண் எடுக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. "நன்றி, வணக்கம்," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

மேரியின் அணி இரண்டு மதிப்பெண்ணில் ஜெயித்தது.

வெளியே வேப்பமரத்தடியில் பைக் பக்கத்தில் ஐயனார் காத்திருந்தார். பிரகதா தலையைக் குனிந்துகொண்டு வந்தாள்.

"கடைசியில ஒரு தாளு பாக்கி இருந்துச்சே, ஏன் வாசிக்கல?" என்று கேட்டார்.

பிரகதா தயங்கித் தயங்கித் தாளை நீட்டினாள். ஐயனார் எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாக வாசித்தார்.

'எங்கள் ஊரில் ஒருவர் எரிபொருளைச் சேமிக்க வேண்டும் என்று தினமும் சொல்கிறார். அவர் தினமும் காலையில் பைக்கை இரண்டு தடவை கீரமங்கலத்துக்கு ஓட்டுகிறார். அதே நேரத்தில் அதே ஊருக்கு ஒரு வேன் பாதி காலியாகப் போகிறது. அவர் அந்த வேனில் ஏறாததற்குக் காரணம், வேன்காரர் எரிபொருளைப் பற்றி வேறு மாதிரி பேசினாராம்!'

ஐயனார் அதை இரண்டாவது தடவையும் வாசித்தார். காது மடல் சிவந்தது.

"இதை வாசிச்சிருந்தா நீங்கதான ஜெயிச்சிருப்பீங்க?"

"எல்லாரும் ஒங்களைப் பாத்துச் சிரிச்சிருப்பாங்கப்பா."

திடீரென்று ஐயனாரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பிரகதா பயந்துவிட்டாள். இல்லை. சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார். பிரகதாவின் நெஞ்சில் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்த கல் அப்போதுதான் இறங்கியது.

"இந்தா, வண்டிச் சாவியைப் புடி," என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற குட்டியானையை நோக்கி நடந்தார். செபமாலை இஞ்சினைக் கிளப்பப் போனவர் கையை எடுத்துவிட்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கெளம்புற?"

"எப்பவும் போல ஏழரைக்கு."

"அஞ்சு மூட்டை இருக்கு."

"எடம் இருக்கு."

பிறகு ஐயனார் கேட்டார். "விக்ரம் எப்ப வாரான்?"

"கிறிஸ்மஸுக்கு லீவு கேட்டுருக்கான்," என்றார் செபமாலை. குரல் தளர்ந்திருந்தது. உடனே நிமிர்ந்துகொண்டு, "ஆனா ஒண்ணு, கெணறு விஷயத்துல நான் மாறல," என்றார்.

"நான் மட்டும் மாறிட்டனா? மாறல!" என்றார் ஐயனார்.

மறுநாள் காலை ஏழரைக்கு வேன் கிளம்பியது. முன்னால் பிரகதாவும் மேரியும். பின்னால் முல்லை மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவில், தேவையே இல்லாமல், ஐயனார்.

"மூட்டையை நான் எறக்கிக்குவேன், நீ எதுக்குய்யா வார?" என்று செபமாலை கேட்டதற்கு, "பேச்சு பாதியில நிக்குதுல்ல!" என்று சொல்லிவிட்டு ஏறியிருந்தார்.

ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். ஐயனார் பின்பக்கச் சின்ன ஜன்னலில் வாயை வைத்து, போர்த் தண்ணீரைப் பற்றிக் கத்தினார். செபமாலை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கப்பலைப் பற்றித் திருப்பிக் கத்தினார்.

"காது வலிக்குதுல்ல?" என்றாள் மேரி.

"வலிக்கட்டும்," என்றாள் பிரகதா. மேரியின் தோளில் வசதியாகச் சாய்ந்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே, கீரமங்கலம் வரும் வரை நன்றாகத் தூங்கினாள்.