கடைசி பெஞ்சில் மீறப்பட்ட விதி

"ஏங்க... குடையைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிக்கக் கூடாதா? உங்க பங்கு மழையும் என் தோள்லதான் விழுது."

பள்ளிக்கூட வாசலில் திடுக்கிட்டுத் திரும்பினாள் கணக்கு டீச்சர். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள், பக்கத்தில் நனைந்து நின்றவனின் கண்களைப் பார்த்ததும் சொல்ல வந்ததையே மறந்தாள். நனைந்த இமைகளுக்குள் அப்படி ஒரு குறும்பு...

"புதுசா வந்த ஃபிசிக்ஸ் வாத்தியார் நான். வந்ததும் வராததுமா யாரோ ஒரு கணக்கு டீச்சர் கிளாஸ்ல உக்காரணுமாம். வாத்தியார் பாடம் நடத்துறத வாத்தியாருங்களே வேடிக்கை பாக்கணுமாம். வேலையத்த வேலை."

"அந்த யாரோ நான்தான்."

குடையை மடக்கி, மிச்சத் தண்ணீரையும் அவன் மேல் உதறிவிட்டு நடந்தாள்.

அந்த வேலையத்த வேலையை அவள் கண்ணும் கருத்துமாக வளர்த்திருந்தாள். ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் தயார் செய்வார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்வார்கள். மாலையில் பேசிப் பாடத்தைத் திருத்துவார்கள். விதி ஒன்றுதான்: நடத்துகிறவரைப் பார்க்கக் கூடாது, பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும். யார் முகம் சுளிக்கிறார்கள், யார் புரியாமலே தலையாட்டுகிறார்கள்...

தலைமையாசிரியைக்கு இதில் நம்பிக்கையில்லை. உருப்படியாகப் பலன் ஒன்றும் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு, வெளியாள் ஒருவரைக் கூட்டிவந்து சொற்பொழிவு வைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று அவள் நடத்தியது தூரத்தையும் நேரத்தையும் காட்டும் வரைபடம். மாலைக் கூட்டத்தில் வரலாற்று டீச்சர்தான் முதலில் பேசினாள்.

"எங்க பெஞ்சுப் பொண்ணு கணக்கெல்லாம் சரியாப் போட்டுட்டா. ஆனா ஏறிப் போற கோட்டுக்குக் கீழ புல்லு வரைஞ்சு வச்சிருக்கா. அவளுக்கு அது மலை. படுத்திருக்கிற கோடு ரோடு."

எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்தது அவன் முறை. அவன் காது மடல் சிவந்தது.

"நான்... எதையும் கவனிக்கல."

"பாத்தீங்களா, என் அண்ணன் மகனே சொல்லிட்டான்," என்றார் தலைமையாசிரியை. "இன்னும் ஒரே ஒரு தடவை. அதோட சரி."

அண்ணன் மகனா... கணக்கு டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராந்தாவில் அவனை மறித்தாள்.

"அத்தைக்கு உளவு பாக்க வந்தீங்களா சார்?"

"சத்தியமா இல்லங்க. அடுத்த தடவை நான் நடத்துறேன். நீங்க கடைசி பெஞ்சுல உக்காருங்க."

அதன் பிறகு அவள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் எல்லாரும் கூடிப் பாடத்தைத் திருத்தியபோது, "கோடு வரையறதுக்கு முன்னாடி நடந்து காட்டினா என்ன?" என்று அவன் கேட்டான். ஐடியா நன்றாகத்தான் இருந்தது, பாவி மனுஷன்... "ம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த நாளும் வந்தது. கதவருகே நின்றான்.

"கதவிலிருந்து நான் எவ்வளவு தூரம் போறேன்னு வரைங்க."

ஒரே சீராக நடந்தான். பென்சில்கள் மேலேறின. கடைசி பெஞ்சுக்கு வந்தவன், அவள் பக்கத்தில் நின்றான். நின்றான்... நின்றுகொண்டே இருந்தான்.

புல் வரைந்த பெண் சட்டென்று நிமிர்ந்தாள்.

"கோடு படுத்துக்கிச்சு... ஏன்னா சார் நிக்கிறாரு. அப்போ இது ரோடு இல்ல, மலையும் இல்ல."

வகுப்பு முழுக்க ஒரு "ஓ..." பரவியது.

"ஏன் சார் அங்கேயே நிக்கிறீங்க?"

"பேப்பர்ல இடம் இருக்கிற வரைக்கும் நிப்பேன்மா."

கணக்கு டீச்சர் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

மாலையில் தலைமையாசிரியை தொண்டையைச் செருமினார். "இது நிக்காது, தொடர்ந்து நடக்கும். அடுத்த பாடம் நானே நடத்துறேன். யாரும் சிரிக்கக் கூடாது." கைதட்டலில் ஸ்டாஃப் ரூம் அதிர்ந்தது. "கணக்கு டீச்சர், உங்க பெஞ்சுப் பசங்க எப்படி?"

ஜெயித்துவிட்ட மகிழ்ச்சியில் எழுந்தவளுக்கு ஒரு முகம்கூட ஞாபகம் வரவில்லை. விதியை எழுதியவளே அவள்தான்.

"நான்... எதையும் கவனிக்கல."

வரலாற்று டீச்சருக்கு இருமல் வந்தது. தலைமையாசிரியை கணக்கு டீச்சரைப் பார்த்தார், அண்ணன் மகனைப் பார்த்தார். "கூட்டம் முடிஞ்சுது, கிளம்புங்க எல்லாரும்."

வாசலில் அதே மழை. இந்தத் தடவை குடை அவன் பக்கம் சாய்ந்திருந்தது.

"அன்னிக்குப் பசங்களப் பாக்கத்தான் உக்காந்தேன்," என்றான் மெல்ல. "நீங்க சாக்பீஸ எடுத்தீங்க... அப்புறம் உங்களத் தவிர எதுவும் தெரியல. அதை அத்தை முன்னாடி எப்படிங்க சொல்றது?"

"நான் இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே."

அவன் கண்கள் விரிந்தன. அவள் தலை குனிந்தாள், ஆனால் குரல் தடுமாறவில்லை.

"உங்கள எனக்குப் புடிச்சிருக்கு."

"எனக்கு முதல் நாளே புடிச்சுப் போச்சு... தண்ணிய உதறினீங்களே, அப்பவே." சிரித்தான். "நடக்கலாமா?"

"வேண்டாம்," என்றாள் அவள். "இன்னும் கொஞ்ச நேரம் கோடு படுத்தே இருக்கட்டும்."