தீராத வீடு

எழுபத்தொரு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம். கதவுக்கு மேலிருந்த சிறு திரையில் அந்தக் கணக்கு சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பச்சையில் இன்னோர் எண் இருந்தது. ஒன்பது. இரண்டு நாளாக அது ஒன்பதிலேயே நின்றது.

சஷ்மிதா பச்சை எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இன்னும் மிச்சமிருக்கும் ஈயத்தின் அளவு அது. அது ஐந்துக்குக் கீழே இறங்கி ஆறு மணி நேரம் அங்கேயே இருந்தால் கதவு தானாகத் திறக்கும். இதே பிளாக்கில் மற்ற வீடுகள் எல்லாம் நாற்பது மணி நேரத்துக்குள் திறந்துவிட்டன.

சமையலறையில் அவள் கணவன் லோகித் தரையை உடைத்துக்கொண்டிருந்தான். வீட்டில் சுத்தியல் இல்லை. அவன் ஆட்டோவின் ஸ்பேனரும் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரும்தான்.

"இங்கதான் இருக்கு சஷ்மி," என்றான். "நேத்து சாயங்காலம் மொத்தக் கூட்டமும் இங்கதான் குவிஞ்சுது. கீழ ஏதோ பழைய பைப்பு இருக்கு. ஈயப் பைப்பு."

நேற்று மாலை அதே இடத்தில் உட்கார்ந்து அவள் கால் மணி நேரம் கீரை ஆய்ந்தாள். அவன் அதை யோசிக்கவில்லை. அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை.

கூட்டம் என்று அவன் சொன்னது ஈயவுண்ணிகளை. எறும்பைவிடச் சிறிய இயந்திரங்கள். ஒரு வீட்டுக்கு நாற்பதாயிரம். குடியிருப்பு கட்டி அறுபது வருடம் ஆகிறது. ஜன்னல் கம்பியிலும் கதவுகளிலும் அந்தக் காலத்து ஆயில் பெயின்ட், அதில் ஈயம். பெயின்ட் உரிந்து தூளாகும், தூள் தரையில் விழும், தரையில் விளையாடும் குழந்தை கையை வாயில் வைக்கும். உண்ணிகள் ஈயத்தை மோப்பம் பிடித்து, சுரண்டித் தின்று, மூலையில் இருக்கும் கூட்டுப்பெட்டியில் கக்கிவிட்டு வரும்.

முன்பெல்லாம் வேலை முடியும்வரை குடும்பத்தை வெளியே தங்க வைத்தார்கள். திரும்பி வரும்போது துணியிலும் தலைமுடியிலும் பாயிலும் தூள் கூடவே வந்தது. அதனால் இப்போது வீட்டோடு சேர்த்து ஆட்களையும் அடைத்துவிடுகிறார்கள். கதவிலும் ஜன்னலிலும் கண்ணாடி போன்ற அடைதிரை. பேச்சு கேட்கும், காற்று வடிகட்டி வழியாக வரும். சாப்பாடு ஒரு சுழல்பெட்டியில் வரும். உண்ணிகள் கடிக்காது. மேலே ஏறினால் கூசும், அவ்வளவுதான்.

செலவு முழுவதும் மானியம். வருமானம் குறைந்த வீடு, அதில் ஆறு வயதுக்குக் கீழே ஒரு குழந்தை, அதன் ரத்தத்தில் அளவுக்கு மேல் ஈயம். மூன்றும் இருந்தால் கிடைக்கும். ஆதிரைக்கு நாலு வயது. அங்கன்வாடியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது பதினாலு என்று வந்தது. மூன்றைத் தாண்டக் கூடாது என்றார்கள்.

இ-சேவை மையத்தில் லோகித்தான் விண்ணப்பம் போட்டான். முப்பத்தொரு கேள்விகள். அங்கே யாரும் கேள்விகளைப் படிப்பதில்லை. சொந்த வீடு உண்டா, வேறு உதவி வாங்கியதுண்டா என்று எல்லா மானியப் படிவமும் கேட்கும். எதற்காவது ஆம் என்று போட்டால் மானியம் போய்விடும். அதனால் மேலிருந்து கீழே இல்லை, இல்லை, இல்லை என்று தட்டிக்கொண்டே போவதுதான் வழக்கம். அவனும் அப்படியே தட்டினான். பக்கத்தில் நின்ற சஷ்மிதா பதினெட்டாவது கேள்வியை மட்டும் படித்துவிட்டாள். அவன் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தொண்ணூற்றாறு மணி நேரத்தில் எண் இறங்காவிட்டால் அது தீராத வீடு. வீட்டு ஒதுக்கீடு ரத்து. அப்பா இறந்தபின் இந்த வீட்டைத் தன் பெயருக்கு மாற்ற லோகித் ஆறு வருடம் அலைந்திருந்தான்.

அடைதிரையில் யாரோ தட்டினார்கள். எதிர்வீட்டு டில்லி அண்ணன், வாயில் பிரஷ்ஷோடு.

"இன்னா லோகித்து, மூணு நாளா கதவே தொறக்கல. ரெண்டாவது ஹனிமூனா?"

"உள்ள வந்து பாருண்ணே. அண்ணியையும் கூட்டிட்டு வா."

"நமக்கு முப்பத்தெட்டு மணி நேரத்துலயே தொறந்துட்டான்பா. உன் வூட்டுல அப்படி இன்னாத்தப் பொதைச்சு வெச்சிருக்க?"

லோகித் சிரித்தான். சஷ்மிதா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

"இன்னிக்கு எத்தனாவது குளியல்?" என்றான் பின்னாலிருந்து. "சோப்பு தீந்துபோச்சு தெரியுமா?"

"வேர்க்குது."

குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, நைட்டியை முழங்கால்வரை தூக்கிப் பார்த்தாள். கதவிடுக்கு வழியாக உண்ணிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவை சுவருக்குப் போகவில்லை. அவள் கணுக்காலில் ஏறி, முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலை ஒட்டியிருக்கும் இடத்தில் நீளமாக நின்றன. தண்ணீர் ஊற்றினாள். விழுந்தன. மறுபடி வந்தன.

உண்ணிகள் ஓரிடத்தில் இருபது நிமிடம் குவிந்து நின்றால் அதுதான் மூலம் என்று கதவிலிருக்கும் கருவி முடிவு செய்துவிடும். திட்டத்தின் களப்பணியாளர் துளசிமணி முதல் நாளே சொல்லியிருந்தாள். அதனால் சஷ்மிதா எந்த இடத்திலும் கால் மணி நேரத்துக்கு மேல் இருப்பதில்லை. மூன்று நாளாகச் சேர்ந்தாற்போல் தூங்கவும் இல்லை. அவள் எழுந்து போன இடங்களை எல்லாம் லோகித் உடைத்துக்கொண்டு வந்தான். பீரோவுக்குப் பின்னால். வாசற்படி ஓரம். இப்போது சமையலறை.

மதியம் துளசிமணி வந்தாள். ஜன்னல் வழியே உள்ளே பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, தரையை ஏன் உடைக்கிறீங்க? பெயின்ட்ல இருந்தது எல்லாம் பத்தொன்பதாவது மணி நேரத்துலயே முடிஞ்சுது. சொல்லப்போனா உங்க வீட்டுப் பெயின்ட்ல ஈயம் ரொம்பக் கம்மி."

"அப்ப எங்கேருந்து வருது?"

"அதான் தெரியல. போன மாசம் ஒரு வீட்டுல இப்படித்தான் நின்னுடுச்சு. கடைசில பாத்தா அங்க இருந்த பெரியவரு. டிவி ரிப்பேர் கடை வெச்சிருந்தவராம். நாள் முழுக்க ஈயத்தை உருக்கிப் பத்த வைக்கிற வேலை."

"இப்பவும் பண்றாரா?"

"விட்டு முப்பது வருஷம் ஆச்சு. ஆனா அது எலும்புல தங்கிடும்ணா. உடம்புக்கு ஈயத்துக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் வித்தியாசம் தெரியாது. நல்லதுன்னு நினைச்சு சேத்து வெச்சுக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வேர்வைல, மூச்சுல விடும். ஒரு துளிதான். ஆனா இந்த உண்ணிங்களுக்கு மூக்கு அப்படி."

"அவரை இன்னா பண்ணாங்க?"

"ஆளே மூலமா இருந்தா விதி வேற. கதவைத் தொறந்துடுவாங்க, வீட்டுக்குச் சான்றிதழும் குடுத்துடுவாங்க. அவரு மட்டும் வெளிய போயிடணும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுல மூலம் தங்கக் கூடாதுல்ல. தனியில்லத்துல வெச்சிருக்காங்க."

"எவ்ளோ நாளைக்கு?"

"எலும்புல பாதி குறையவே இருபது, இருபத்தஞ்சு வருஷம் ஆகும்ணா."

லோகித் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "நம்ம வீட்டுல பெரியவங்களே இல்லியே."

சஷ்மிதா உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே கேட்டாள். "பொம்பளைங்களுக்கும் அப்படித்தானா?"

"பொம்பளைங்களுக்கு இன்னும் மோசம்மா. வயித்துல குழந்தை இருக்கும்போது தாயோட எலும்பு கரைஞ்சு அதுக்குச் சத்து போகும்ல? அதோட ஈயமும் போயிடும். தாய்ப்பால்லயும் போகும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

கால் மணி நேரம் ஆகியிருந்தது. எழுந்து கூடத்தின் மறுமூலைக்குப் போனாள். அங்கே ஆதிரை குப்புறப் படுத்துத் தரையில் போகும் உண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபதுவரைதான் தெரியும். இருபது வந்ததும் மறுபடி ஒன்று. ஒவ்வொரு முறை பதினாலு வரும்போதும் சஷ்மிதா சுவரைப் பார்த்தாள். சுவரில் பெயின்டே இல்லை. வெறும் சிமென்ட், கழுவி விட்டதுபோல் சுத்தமாக.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்தபோது கணக்கு தொண்ணூற்றிரண்டைத் தொட்டிருந்தது. பச்சையில் அதே ஒன்பது. சஷ்மிதா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தாள். பத்து நிமிடம் என்று நினைத்துக்கொண்டாள். தூக்கக் கலக்கத்தில் ஆதிரை வந்து அவள் கால்கள் மேல் குறுக்கே படுத்தாள். குழந்தையின் கனம் சுகமாக இருந்தது.

ஒரு பெண்குரல் அவளை எழுப்பியது. கதவுத் திரையிலிருந்து வந்தது, பதிவு செய்யப்பட்ட குரல்.

"மூலம் கண்டறியப்பட்டது. வசிப்பவர் எண் மூன்று. வயது நான்கு."

திரையில் வீட்டின் வரைபடம் இருந்தது. அதில் ஒரு சின்ன உருவத்தைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள். சஷ்மிதா குனிந்து பார்த்தாள். ஆதிரை இன்னும் அவள் கால்மேல்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றியும் அவளுக்கு அடியிலும் உண்ணிகள்.

குளியலறையிலிருந்து லோகித் ஓடிவந்தான். வெளியே துளசிமணி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"என்னங்க இது? நாலு வயசுக் குழந்தைங்க," என்றான்.

"எனக்கும் புரியலண்ணா. ரத்தத்துல பதினாலு இருந்தா இவ்ளோ கூட்டம் வராது. ஆனா கருவி குறிச்சுடுச்சு. தகவல் மேலிடத்துக்குப் போயிடுச்சு. தனியில்லத்து வண்டி கிளம்பிடுச்சு."

"நான் வரேன். நான்தான் மூலம்னு போடுங்க. ஆட்டோ பேட்டரி எல்லாம் நான்தானே கழட்டி மாட்டுறேன்."

"அந்த பேட்டரில எல்லாம் இப்ப ஈயமே இல்லண்ணா. உங்க மேல ஒரு உண்ணிகூட ஏறல பாருங்க."

அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நாங்க கூட வரலாமா?"

"விட மாட்டாங்க. வாரத்துக்கு ஒரு தடவை பாக்கலாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம்."

லோகித் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். உடைந்த சிமென்ட் துண்டுகளுக்கு நடுவில். தெருமுனையில் ஒரு வண்டி ஒலி எழுப்பியது.

"ஏங்க," என்றாள் சஷ்மிதா. "பாப்பாவைத் தூக்கிட்டு ஜன்னலாண்ட போய் நில்லுங்க."

"எதுக்கு?"

"போங்க."

அவன் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். குழந்தையோடு போன உண்ணிகள் சில அவன் சட்டையிலிருந்து இறங்கித் திரும்பி வந்தன. மற்றவை நகரவே இல்லை. கூடத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் இன்னும் வந்துகொண்டிருந்தன. சஷ்மிதா நைட்டியை முழங்கால்வரை தூக்கினாள். இரண்டு கால்களிலும் எலும்பின் நீளத்துக்குக் கறுப்பாக அப்பியிருந்தன.

துளசிமணி அடைதிரையில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

"தட்டி விடு சஷ்மி," என்றான் லோகித் மெதுவாக. "தட்டி விடு."

அவள் தட்டவில்லை. நாலு நாளில் முதல் முறையாக, தெரிந்தே, காலை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பொண்ணு பாக்க வந்தப்போ எங்கம்மா உங்ககிட்ட சொன்னாங்களே, ஆறாவதுல இருந்து சித்தி வீட்டுல தங்கிப் படிச்சேன்னு," என்றாள். "படிக்கல. எனக்குச் சித்தியே கிடையாது."

லோகித் அவளையே பார்த்தான்.

"ஊருக்கு வெளிய ஒரு கொட்டாய்ல பழைய பேட்டரி உடைச்சேன். உடைச்சு, உள்ள இருக்கிற ஈயத்தை உருக்கி அச்சுல ஊத்தணும். அஞ்சு வருஷம். அந்தக் கொட்டாய்ல வேலை செஞ்ச பொண்ணுன்னு தெரிஞ்சா யாரும் கட்டிக்க மாட்டாங்கன்னு அம்மா சொல்ல விடல. படிவத்துல பதினெட்டாவது கேள்வியும் அதுதான், வீட்டுல யாராவது ஈய வேலை செஞ்சாங்களான்னு."

வண்டி பிளாக்குக்குக் கீழே வந்து நின்றது. அவள் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள், துளசிமணிக்கும் கதவுத் திரைக்கும் கேட்கும்படி.

"பாப்பாவுக்குச் சுவத்துல இருந்து வரல. அவ ஒடம்புல இருக்கிறது நான் குடுத்தது."