எட்டுப் பேர் ஏறினால்தான் படகு

சாதிக் ஏறிக்கொண்டிருந்த மலை பாதியிலேயே காணாமல் போனது. அவன் நாற்காலிக்குள் இருந்த சலிப்புமானி அறுபதைத் தொட்டுவிட்டது. நாடித்துடிப்பையும் உடம்பின் அசைவையும் அளந்து, ஆடுகிறவனுக்கு எங்கே போரடிக்கிறதோ அந்த இடத்தை விளையாட்டிலிருந்து அப்போதே வெட்டி எறியும் கருவி அது.

ஒன்பது வருடமாக இதுதான் அவன் வேலை. நிறுவனத்தின் எந்த விளையாட்டும் அவனைத் தாண்டித்தான் வெளியே போகும். வீட்டுக்குப் போனாலும் விளையாட்டுதான், கூடவே புலம்பலும். இப்போது வருவதில் எதிலும் நிற்க ஓர் இடமில்லை. சுடு, பரிசை எடு, மறுபடி சுடு.

அடுத்தது பூங்கோதையின் விளையாட்டு. பள்ளியிலிருந்தே அவனுடன் விளையாடியவள், இப்போது அங்கேயே வடிவமைப்பாளர். அவள் விளையாட்டில் ஓர் ஆற்றங்கரை. எட்டுப் பேர் ஏறினால்தான் படகு கிளம்பும். அதுவரை மழையைப் பார்த்துக்கொண்டு முன்பின் தெரியாதவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். நாலு வருட உழைப்பு. இதை வெட்டினால் வேலையை விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டு அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

சாதிக் கரையில் உட்கார்ந்தான். பக்கத்து அறைச் சோதனையாளர்கள் ஒவ்வொருவராக விளையாட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் தன் ஊர் மழையைப் பற்றிச் சொன்னார். சலிப்புமானியில் நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு.

"காலை ஏன்டா ஆட்டுற? பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. பிடிச்சாத்தானே ஆட்டுவேன், உனக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சற்று முன் மறைந்த மலை, போன வருடம் வெட்டுப்பட்ட நீண்ட ரயில் பயணம், மீனவன் சொன்ன கதை. எல்லாவற்றிலும் அவன் தன்னை மறந்து காலாட்டியிருந்தான். கருவி அதைச் சலிப்பென்று எழுதிக்கொண்டது.

"அப்போ நீ இத்தனை வருஷமா வெட்டுனது?"

"எனக்குப் பிடிச்சதை மட்டும்."

ஐம்பத்தேழு. பூங்கோதை சட்டென்று முன்னால் வந்து குனிந்து அவன் பாதங்களைத் தரையோடு அழுத்திப் பிடித்தாள். எண் சரசரவென்று இறங்கியது. எட்டாவது ஆள் ஏறி, படகு நகர்ந்தபோது மூன்றில் நின்றது.

இயக்குநர் டைட்டஸ் நேரிலேயே வந்துவிட்டார். சாதிக் கால் விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மூணு, சாதிக். இதுவரைக்கும் இங்க மூணு வந்ததே இல்ல."

அந்த ஆற்றங்கரையை நிறுவனத்தின் பதினொரு விளையாட்டுகளிலும் வைத்தார்கள். இவ்வளவு நல்ல இடத்தைச் சும்மா விட முடியாதென்று திரையோரத்தில் ஒரு பொத்தானும் வந்தது: 'காத்திருக்க வேண்டாம்'. அழுத்தினால் உடனே அக்கரை. சிறு கட்டணம்தான்.

வெளியான சனிக்கிழமை, காலையிலேயே சாதிக் கரைக்குப் போய்விட்டான். ஒரு பெண் வந்து, எந்த ஊர் என்று கேட்டாள். அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் மறைந்துவிட்டாள். இருவர் வந்தார்கள், உட்காரவேயில்லை. மதியம்வரை படகில் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் சேரவில்லை. நடுநடுவே அவன் மட்டும்.

பூங்கோதை அழைத்தாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு, கரையில்தான், இன்னும் ஏழு பேர் வர வேண்டும் என்றான்.



"நானும் ஒரு மணி நேரம் உக்காந்து பாத்தேன்டா. ஒருத்தரும் தங்கல. பட்டனை அமுக்கிட்டு வந்துரு. அக்கரையில நல்ல கூட்டம்."