மூன்று குளியலறை வீடு

சுப்பம்மா அடையாறில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வேலை செய்தாள். பாத்திரம் தேய்ப்பாள், வீட்டைப் பெருக்கித் துடைப்பாள், மூன்று குளியலறைகளையும் கழுவுவாள்.

பள்ளி விடுமுறை என்பதால் அன்று மகள் தமிழ்மொழியும் கூட வந்திருந்தாள். பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வந்ததில் அவளுக்கு நாக்கு வறண்டுவிட்டது. தான் குடித்துவிட்டு, பாட்டிலை அம்மாவிடம் நீட்டினாள்.

"வேணாம்டி. குடிச்சா ஒண்ணுக்கு வரும். இங்க போவக் கூடாது."

"மூணு பாத்ரூம் கீதே!"

"கழுவத்தான் கீது நமக்கு. கீழ வேலைக்காரங்களுக்கு ஒண்ணு கீது. அது பூட்டியே கெடக்குது."

அம்மா விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்து தமிழ்மொழி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அம்மா அடிக்கடி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

நேராகக் கூடத்துக்குப் போனாள். வீட்டுக்காரம்மா போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், பாத்ரூம் போலாமா?"

"அவசரமா? சின்னப் பொண்ணுதானே, போய்க்கோ."

"எனக்கில்ல மேடம், எங்கம்மாவுக்கு."

அவர் முகம் கடுகடுவென்று ஆனது. "சுப்பம்மா! பொண்ணை விட்டுக் கேக்க வைக்கிறியா? நாளைலேர்ந்து வர வேண்டாம்!"

படியிறங்கும்போது தமிழ்மொழிக்கு அழுகை முட்டியது. "நான் தப்பா கேட்டுட்டேனாம்மா?"

சுப்பம்மா முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள். "இல்லடி. நான் கேட்டிருக்கணும்."

மறுநாளிலிருந்து இருவரும் வேலை தேடி அலைந்தார்கள். போன வீட்டிலெல்லாம் தமிழ்மொழி முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்டாள். ஓர் அம்மா பதிலே சொல்லாமல் கதவைச் சாத்தினார். இன்னொருவர், "ஏன், உங்க வீட்லயே போய்ட்டு வர முடியாதா?" என்றார்.

"பெரும்பாக்கம் போய்ட்டு வர்றதுக்குள்ள உங்க பாத்திரமெல்லாம் காஞ்சிடும் ஆன்ட்டி!"

அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. வீட்டில் அந்த வாரம் முழுக்கக் கஞ்சிதான்.

மயிலாப்பூரில் ஒரு பழைய வீடு. ஓய்வு பெற்ற டீச்சர் சூடாமணி கதவைத் திறந்தார். "காலம்பற எத்தனை மணிக்கு வருவேள்?" என்று கேட்டார்.

தமிழ்மொழி வாயைத் திறந்தாள். அம்மா அவள் தோளை அழுத்தினாள்.

"நான் ஒண்ணு கேக்கணும்மா." சுப்பம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "உங்க வீட்டு பாத்ரூமுக்கு நான் போலாமா?"

சூடாமணி திகைத்துப் போனார். "இதையெல்லாமா கேட்டுண்டு வேலைக்கு வரணும்?"

"கேக்காம இருந்தப்போ வேலை இருந்துச்சு மேடம். கேட்டதுக்குத்தான் போச்சு" என்றாள் தமிழ்மொழி.

சூடாமணி ஒதுங்கி வழிவிட்டார். "உள்ள போங்கோ. இடது பக்கம்."

தமிழ்மொழி வாசலிலேயே நின்றாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. வேலைக்குப் போன வீட்டில் அம்மா உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டது அதுதான் முதல் தடவை.