பஸ்ஸுக்குக் குடிபூரல்

காலையில் பின்பக்கக் கட்டில் வரை எட்டிய மேசை விசிறியின் வயர், இருட்டுகிற மைமல் நேரத்தில் ஒரு சாண் எட்டவில்லை. தர்சிகா இழுத்துப் பார்த்தாள். வயர் எங்கும் சிக்கியிருக்கவில்லை. சாரதி இருக்கைக்குப் பின்னாலிருந்த அதே பிளக்கில்தான் அது செருகிக் கிடந்தது. கட்டிலும் தரையோடு சேர்த்து ஆணி இறுக்கிய கட்டில், நகர வழியில்லை. அவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இந்தப் பஸ்ஸில் எது பிழையாய்ப் போனாலும் முதலில் எரிச்சல்தான் வரும், ஏனென்றால் இது அவளுடைய புருசன் மயூரதன் வாங்கிய பஸ்.

சின்ன கேம்பர் வானில் இந்தக் கரைச்சல் இருந்ததில்லை. அதில் எல்லாம் கைக்கெட்டும். படுத்தபடியே அடுப்பை அணைக்கலாம். மகள் ஆரணி இருமினால் எழும்பாமலே முதுகைத் தடவிவிடலாம். அந்த வானில் மூன்று பேரும் மயிலிட்டிக் கடற்கரையில் மீன் பொரித்ததையும், மன்னார் வீதியில் சில்லுப் புதைந்து நின்றதையும் மயூரதன் படம்பிடித்து யூடியூபில் போட, கனடாவிலும் சுவிசிலும் இருக்கிற சனம் சோற்றுக் கோப்பையோடு இருந்து பார்த்தது. பார்க்கிற சனம் பெருகப் பெருக மயூரதனும் பெருத்தான். நெஞ்சு முன்னுக்கு வந்தது. பல்லுத் தீட்டும்போதும் கமராவைப் பார்த்தே தீட்டினான். கடைசியில் அவளிடம் ஒரு சொல் கேட்காமல் வானை விற்றுவிட்டு, அளவெட்டி வீட்டு வளவுக்குள் ஒரு பழைய ஜப்பான் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினான். உள்ளே சோபா, குளியலறை, கட்டில்கள், கூரையில் கலியாண மண்டபம் மாதிரி நீல விளக்குகள். இது எந்த ஒழுங்கைக்குள் நுழையும் என்று அவள் கேட்டதற்கு, சின்னனாக யோசிக்கிற ஆக்கள் சின்னனாகவே இருப்பினம் என்று பதில் வந்தது. அதையும் படம்பிடித்தான்.

வாகனம் வாங்கினால் கோயிலடிக்குக் கொண்டுபோய், சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிப்பது ஊர் வழக்கம். மயூரதனுக்கு அது காணாது. தேசிக்காயை ஓட்டோக்காரனும் நசிக்கிறான். ஆகவே புதுவீட்டுக்குச் செய்கிற குடிபூரலையே பஸ்ஸுக்குச் செய்தான்: நிறைகுடம், சாமிப்படம், பால் காய்ச்சல், அன்றிரவு வீட்டுக்காரர் உள்ளேயே படுப்பது வரை ஒன்றும் குறையவில்லை. ஓடுகிற சாமானை ஓடு என்று வாழ்த்துவதுதான் முறை, பெருகு என்று வாழ்த்துவது வீட்டைத்தான் என்று ஐயர் கொஞ்சம் முணுமுணுத்தார். பிறகு கமரா எந்தப் பக்கம் என்று விசாரித்து, சால்வையை ஒழுங்குபடுத்திக்கொண்டு, பெருகு என்றே வாழ்த்திவிட்டார். பால் பொங்கியது. மயூரதன் படியில் ஏறிநின்று, இது வாகனம் இல்லை, வீடு, இன்னும் இன்னும் பெருக வேண்டும் என்று வாழ்த்துங்கள் என உலகத் தமிழரைக் கேட்டுக்கொண்டான். உலகத் தமிழரும் வேறு வேலையில்லாமல் வாழ்த்தினார்கள்.

இப்போது வந்த சனம் பாயாசம் குடித்துவிட்டுப் போய்விட்டது. வெளியே மழை இருட்டு. ஆரணி பின்கட்டிலில் நித்திரை. பஸ்ஸுக்குள் கருகிய பாலின் மணமும் புதுப் பலகைப் பசையின் மணமும் நின்றன. அவற்றுக்கு அடியால் இன்னொரு மணம், தர்சிகாவுக்கு நன்றாகத் தெரிந்த மணம், பின்பக்கத்திலிருந்து மெல்ல ஊர்ந்து வந்தது: லண்டனில் இருக்கிற பெரியப்பா ஊரில் கட்டிப் பூட்டிவைத்திருக்கும் மாடிவீட்டைக் கூட்டப் போகும்போது, கதவைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்கிற, வௌவால் எச்சமும் பூச்சியுருண்டையும் ஈரச் சுவரும் சேர்ந்த, ஆளில்லாத அறைகளின் மணம். இன்றுதான் குடிபூந்த பஸ்ஸில் அது எங்கிருந்து வந்தது?

மழை முன்கண்ணாடியில் விழத் தொடங்கி, கூரைத் தகரத்தின் மேலால் பின்பக்கம் நடந்து போனது. அவளுடைய தலையைத் தாண்டியது. கட்டிலைத் தாண்டியது. பஸ் முடியவேண்டிய இடத்தையும் தாண்டி, இன்னும் தகரத்தின் மேலேயே விழுகிற சத்தத்தோடு, கோயிலடியில் யாரோ நாதஸ்வரம் ஊதிப் பழகுகிற சத்தத்தையும் விடத் தூரத்துக்குப் போனது.

"என்னப்பா, உந்தப் பஸ் காலைமையை விட நீட்டு" என்றாள்.

மயூரதன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாத்தீரோ. உமக்கே பெரிசாத் தெரியுது."

அவனுக்குச் சந்தோசம். போனை உயர்த்திப் பிடித்து, நேரலையைத் தொடங்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தான். கட்டிலைக் கடந்தான். கட்டிலுக்குப் பின்னால் கண்ணாடி இருக்கவேண்டும்; அதன் பின்னால் வளவும் கிணற்றுக் கட்டும். அவன் நிற்கவில்லை. இருட்டுக்குள் நீல விளக்கு ஒன்று பற்றியது. அதற்கு அங்கால் இன்னொன்று. அவன் பொருத்தாத விளக்குகள். தனக்குத் தெரியாமலே வேலைகாரர் ஓர் அறை கூடுதலாக அடித்திருக்கிறார்கள், என்ன மாதிரியான வீடு பாருங்கள் என்று அவன் போனுக்குச் சொல்வது கேட்டது.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாங்கோ. இப்பவே."

"லைவ் போகுது. கத்தாதையும்."

அவள் தானே போனாள். சோபாவைத் தாண்டினாள். கட்டில் தெரிந்தது, போர்வையும் தெரிந்தது, போர்வைக்கு வெளியே ஆரணியின் உள்ளங்கால் தெரிந்தது. நடந்தாள். உள்ளங்கால் சின்னதாகியது. ஓடினாள். ஓட ஓட அது ஒரு பொட்டு அளவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தாள். சோபா அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அவளுக்குள் கொதித்தது. பயத்தை விடப் பெரிய கொதி. கமராவில் பார்க்கிற சனத்தை வாய்க்கு வாய் உறவுகள் உறவுகள் என்றவன் சொந்தப் பிள்ளையைத் தாண்டி நடந்து போகிறான்.

"மயூரதன்!"

கலியாணம் கட்டி முதல்முறையாக அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பதிலாக வெகுதூரத்திலிருந்து, கிணற்றுக்குள் கதைப்பது போல், இங்கே இன்னுமோர் அறை இருக்கிறது என்று அவன் யாருக்கோ காட்டுவது கேட்டது. குரலில் பெருமை. பெருமை மட்டும்.

பின்னால் அவசரக் கதவு இருக்கிறது. வெளியால் திறக்கலாம்.

இறங்கி ஓடினாள். மழை. சேறு. வெளியே பஸ் பஸ்ஸாகவே நின்றது, காலையில் நின்ற அளவு, பின்பக்கம் கிணற்றுக் கட்டுக்குக் கிட்ட. கதவை இழுத்துத் திறந்தாள்.

உள்ளே சோபா. சாரதி இருக்கை. முன்வாசல். எல்லாம் கிட்டத்தான். கட்டில் இல்லை. கட்டில் இருந்த இடத்தில் ஆணி இறுக்கிய ஓட்டைகள்கூட இல்லை. புதுப் பலகை, வழவழவென்று.

"அம்மா."

முன்வாசல் பக்கமிருந்து.

திரும்பவும் ஓடினாள். வழுக்கி விழுந்தாள். எழும்பினாள். முன்வாசலால் எட்டிப் பார்த்தபோது நீல விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக, வீதி விளக்குகள் மாதிரி, கண் எட்டாத தூரம் வரைக்கும். பூட்டின வீட்டு மணம் மூச்சை அடைத்தது. படியில் ஒரு காலை வைத்தாள். மற்றக் காலை மண்ணை விட்டு எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது.

"அம்மா, அப்பாவைக் காணேல்லை."

"ஓடி வா குஞ்சு. வெளிச்சத்தைப் பாத்து ஓடி வா."

"வாறன்."

காலடிச் சத்தம். சின்னக் கால்கள். ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. கிட்ட வந்தன, வரவில்லை, வந்தன. தர்சிகா இருட்டுக்குள் கையை நீட்டினாள். இன்னும் நீட்டினாள்.

ஒரு கை அவளுடைய கையைப் பிடித்தது.

சூடான கை. நகத்தில் பாதி உரிந்த சிவப்புப் பூச்சு. ஆரணியின் கைதான். தர்சிகா இழுத்தாள். மணிக்கட்டு வந்தது. அதற்குப் பின்னால் கை வந்தது. முழங்கை வரவில்லை. இழுத்தாள். கை வந்தது. படியில் விழுந்தது. படியிலிருந்து சேற்றில் மடிந்தது. காலடியில் சுருள் சுருளாகச் சேர்ந்தது, மெல்லிய, இளஞ்சூடான, பிள்ளையின் கை. அதன் விரல்கள் அவளுடைய விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தன.

"அம்மா, விடாதேங்கோ." குரல் இப்போது இன்னும் தூரத்தில்.

அவள் விடவில்லை. இழுத்தாள்.